லாக்டேட்டும் இரண்டு கை உப்பும்

அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் புயல் என்று பட்டப்பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். திறந்தால் கதி என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்க்கும் அவள் புருஷனுக்குப் பெயர் சொட்டு. சோதனைக் குழாயில் திரவம் விட்டாலும் சரி, காப்பியில் பால் விட்டாலும் சரி, மனிதர் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார். பேச்சும் அப்படித்தான் வரும். புயலுக்கும் சொட்டுக்கும் எப்படிக் கல்யாணம் ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஆயிற்று, அவ்வளவுதான்.

இந்தக் கதை நடந்த அன்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே மேஜையில் வேலை செய்துகொண்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

வினை முந்தின நாள் மாலை, தேநீர் வேளையில் வந்தது. அதற்கு முன்னால் புயல் என்ன கண்டுபிடித்திருந்தாள் என்று சொல்லிவிட வேண்டும். சக்கரத்தில் ஓடிப் பழகிய எலிகளின் தசை, தின்றுவிட்டுத் தூங்குகிற எலிகளின் தசையைவிட வேகமாக லாக்டேட்டை, அதாவது உழைக்கிற தசையில் ஊறும் புளிப்புச் சரக்கை, உள்ளே வாங்கிக்கொள்கிறது என்பது அவள் கணக்கு. கட்டுரை எழுதி அது ஒரு பத்திரிகையிலும் வெளிவந்திருந்தது. வேறொரு குழு அவள் எழுதியபடியே அட்சரம் பிசகாமல் செய்து பார்த்துவிட்டு, "எங்களுக்கு இரண்டு எலிக்கும் வித்தியாசமே தெரியவில்லை" என்று கைவிரித்துவிட்டது.

முந்தின நாள் காலை துறைத் தலைவி கூப்பிட்டு அனுப்பினார். குரலை உயர்த்தாமலே ஆளை உட்காரவைத்துவிடும் அம்மாள் அவர்.

"நாளைக்கு நாலு மணிக்கு வர்றேன். என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்க. வந்துச்சுன்னா எனக்கும் சந்தோஷம். வரலைன்னா கட்டுரையை நாமே மரியாதையா திரும்ப வாங்கிக்கலாம். அப்புறம் அந்தக் குளிர் அறை உங்களுக்கு எதுக்கு? ஈஸ்ட் குழுவுக்குக் கொடுத்துடலாம்."

ஈஸ்ட் குழுவின் தலைவர் பக்கத்து அறைக்காரர். அவர் நடந்து போனால் ரொட்டிக் கடை நடந்து போகிற வாசனை வரும். குளிர் அறை மீது அவருக்கு ரொம்ப நாளாகக் கண். செய்தி காதில் விழுந்ததுமே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, "உங்களுக்குப் போய் இப்படி ஆகணுமா, மனசே கேக்கலை" என்று சொல்லியபடி அலமாரியின் நீளத்தை அளந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

தேநீர் வேளையில் அவர்தான் சொட்டிடம் கேட்டார். "அது சரி, ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு மட்டும் அவ்வளவு அழகா எப்படி வந்துச்சு? அவங்களுக்கு ஏன் வரலை?"

சொட்டு கோப்பையைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில், "எல்லாம் அதிர்ஷ்டம்தான்" என்றார்.

கதவருகே பிஸ்கட் தட்டோடு நின்றிருந்த புயலின் காதில் அது விழுந்தது. தட்டைத் தொப்பென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதிர்ஷ்டமா! இத்தனை வருஷ உழைப்பு, எலிக்கு எலி தசை உரித்த கை, விறைத்துப்போன விரல், எல்லாம் அதிர்ஷ்டமா! அதுவும் யார் வாயிலிருந்து? கட்டின புருஷன் வாயிலிருந்து! ஊரான் சொன்னால் போகிறது, பக்கத்தில் நின்று நொடி எண்ணினவர் சொல்லலாமா?

அன்று இரவு வீட்டில் சொட்டின் தங்கைதான் தபால்காரி ஆனாள். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். நாள் முழுக்கத் தண்ணீருக்கு மேலே கத்திக் கத்தி, அவள் ரகசியம் பேசினால்கூட மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

"அண்ணா, உன் சட்டை இஸ்திரி மேஜையில இருக்காம். அண்ணி சொல்லச் சொன்னாங்க. அண்ணி, அண்ணன் சரின்னு சொல்லச் சொன்னார். ஏன் அண்ணி, நான் இதுக்குச் சம்பளம் ஏதாவது கேக்கலாமா?"

புயல் சிரிக்கவில்லை. படுக்கும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இனி எதிலும் அதிர்ஷ்டம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக்கூடாது. எதையும் குத்துமதிப்பாகச் செய்யக்கூடாது. அளக்க வேண்டும், பார்க்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். நாளைக்கு நாலு மணிக்குப் புருஷன் முகத்தில் கரி பூச வேண்டும்.

சபதம் என்றால் முழுச் சபதம். காலையில் மதியத்துக்கான உருளைக்கிழங்கு சூப் வைக்கும்போதே அதை ஆரம்பித்துவிட்டாள். சமைக்கும்போது ருசி பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கை போன போக்கில் உப்பைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவள், அன்று கரண்டியில் எடுத்து ஊதி, நாக்கில் வைத்து, உப்புக் கம்மி என்று கண்டுபிடித்து, இன்னும் போட்டு, மறுபடி ருசி பார்த்து, "ம், சரி" என்று மூடிவைத்தாள்.

அதே மூச்சில் ஆய்வகத்துக்குப் போய்ப் பஃபர் போட்டாள். பஃபர் என்பது புளிப்பை ஒரே அளவில் பிடித்துவைக்கிற கரைசல்.

இங்கேதான் லாக்டேட் எப்படித் தசைக்குள் போகிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது. தசைச் செல்லைச் சுற்றி எண்ணெய்ப் பசையான ஒரு சவ்வு. லாக்டேட்டுக்கு உடம்பில் ஒரு மின்சுமை உண்டு; எண்ணெயை ஊடுருவிப் போவது அதனால் ஆகிற காரியமல்ல. அதற்கென்று சவ்வில் வாசல்கள் இருக்கின்றன. அந்த வாசலில் ஒரு கண்டிப்பு. லாக்டேட் தனியாக வந்தால் அனுமதி இல்லை. ஒரு புரோட்டானைக் கூட்டிக்கொண்டு ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடும். புளிப்பு புளிப்பு என்கிறோமே, அது இந்தப் புரோட்டான்களின் கைவரிசைதான். வெளியே புளிப்பு அதிகம், உள்ளே கம்மி என்றால் ஜோடிகள் மளமளவென்று உள்ளே போகும். உள்ளேயும் வெளியேயும் புளிப்பு ஒன்றாகிவிட்டால் அந்த வேகம் படுத்துவிடும்.

இதைப் பார்க்க, எலித் தசையின் சவ்வைப் பிரித்தெடுப்பார்கள். அது தானாகவே மூடிக்கொண்டு குட்டிக் குட்டிப் பைகளாகும். அந்தப் பைகளுக்குள்ளே புளிப்புக் குறைந்த பஃபரை நிரப்பி, வெளியே புளித்த பஃபரில் லாக்டேட்டைக் கலந்து விட்டு, சில நொடியில் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்ப்பார்கள். வெளியறைச் சூட்டில் செய்தால் கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும், கையால் பிடிக்க முடியாது. அதனால்தான் குளிர் அறை.

குளிரில் ஒரு வம்பு உண்டு. உள் பஃபர் இருக்கிறதே, அதை வெளியறைச் சூட்டில் சரியாக வைத்தாலும் குளிருக்குள் கொண்டுபோனால் அதன் புளிப்பு இன்னும் குறைந்துவிடும். குளிரிலேயே வைத்துத்தான் அமிலம் விட்டுச் சரிசெய்ய வேண்டும். புயலுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் குளிர் அறையில் புளிப்பை அளக்கும் மானி ஆமை வேகத்தில் அசையும், மூக்கு ஒழுகும், விரல் மரக்கட்டை ஆகும். பொறுமையோ அவள் பிறக்கும்போதே வாங்கி வராத சரக்கு. "கொஞ்சம் மாறினா குடியா முழுகிடப் போகுது" என்று வெளியறையிலேயே அமிலத்தை விட்டு முடித்துவிடுவாள். இத்தனை வருஷத்தில் குடி முழுகியதும் இல்லை. சோதனை ஒவ்வொரு தடவையும் பதமாக வந்தது.

ஆனால் இன்று சபதம். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, குளிர் அறைக்குள்ளேயே உட்கார்ந்து, மானியின் முள் அசைவதற்குக் காத்துக்காத்து, அமிலம் விட்டு, உள் பஃபரைச் சரிசெய்தாள். பாட்டிலைப் பனிக்கட்டியில் புதைத்துவிட்டு, கைகளை உதறிக்கொண்டு வெளியே போய் வெந்நீரில் நனைத்தாள். திரும்பி வந்தபோது சொட்டு உள்ளே நின்று ஏதோ குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பைகளில் பஃபர் நிரப்பிச் சோதனையைத் தொடங்கினார்கள். இது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் லாக்டேட்டைக் கலக்க வேண்டும், மற்றவர் நொடிகளை உரக்க எண்ணி, சரியான நேரத்தில் எல்லாவற்றையும் வடிதாளில் ஊற்றி உறிஞ்ச வேண்டும். எண்ணுவது எப்போதும் சொட்டுதான். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் எண்ணுவது எப்படி? மனிதர் ஓர் இடுக்கியை எடுத்து மேஜையில் தட்டினார். டக், டக், டக். புயலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து எண்ணினால் முத்து உதிர்ந்துவிடுமோ?

லாக்டேட்டில் கதிரியக்க அடையாளம் ஒட்டியிருக்கும். வடிதாள்களை எண்ணும் இயந்திரத்தில் வைத்தால், உள்ளே எவ்வளவு போயிற்று என்று அது சொல்லிவிடும். வைத்தார்கள். இயந்திரம் ஓடியது.

ஓடி எலி, பெயருக்குக் கொஞ்சம். தூங்கி எலி, அதுவும் பெயருக்குக் கொஞ்சம். லாக்டேட் உள்ளே போக மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

புயல் எண்களை மறுபடி பார்த்தாள். இதுவரை ஒரு தடவைகூட இப்படி வந்ததில்லை. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ஒழுங்காகச் செய்த அன்றைக்கா இப்படி? அப்படியானால் முன்பு வந்ததெல்லாம் என்ன? அந்த மனிதர் சொன்னது நிஜமா? இத்தனை நாள் அதிர்ஷ்டத்தில் ஓட்டிவிட்டு, அதைக் கண்டுபிடிப்பு என்று மார்தட்டிக்கொண்டிருந்தாளா? நின்றபடியே கண் கலங்கியது. குளிர் அறையில் கண்ணீர் விட்டால் கன்னம் எரியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

சொட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினாள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். முன்னால் அவள், பின்னால் அவர், நடுவில் ஒரு லாரி போகிற அளவுக்கு இடைவெளி.

வீட்டில் நாத்தனார் காலை நீட்டிக்கொண்டு தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நேத்து பிள்ளைங்களோட போட்டி போட்டு நீந்தினேன். இன்னைக்கு ரெண்டு தொடையும் கழண்டு விழுது. எல்லாம் உங்க லாக்டிக் ஆசிட் பண்ற வேலை!"

எவ்வளவு சோகத்திலும் புயலால் இதை மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "அது மேல பழி போடாதே. நேத்து வந்த லாக்டேட் நேத்தே தசையை விட்டுப் போயாச்சு. உன் இதயமே அதை எடுத்துச் சாப்பிட்டு ஏப்பம் விட்டாச்சு. இது தசையில விழுந்த சின்னச் சின்னக் காயம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பசிக்குது."

சொட்டு அடுக்களையில் சூப்பைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார். புயல் கை கழுவிவிட்டு வந்து பரிமாறினாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் ஆசையாக ஒரு பெரிய கரண்டி வாயில் போட்டாள். அடுத்த நொடி முகம் அஷ்டகோணலாகி, தண்ணீர்க் குவளையைப் பிடித்துக் கடகடவென்று குடித்தாள்.

"ஐயையோ! அண்ணி, கடல் தண்ணியில வெச்சீங்களா? உப்பு மூட்டையைக் கவிழ்த்துட்டீங்களா?"

"என்ன உளறுறே? இன்னைக்குத்தான் ருசி பார்த்துப் போட்டேன். கச்சிதமா இருந்துச்சு."

அவளும் வாயில் வைத்தாள். துப்பாத குறை. எதிரே சொட்டு மட்டும் தலை நிமிராமல், கண்ணில் நீர் முட்ட, விழுங்கிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். சட்டென்று மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"புரிஞ்சு போச்சு! அண்ணி, இன்னைக்கு நீங்க போட்டீங்களா? அண்ணனும் போட்டிருப்பார்! அவர்தான் தினமும் போடுவாரே! நீங்க கை கழுவப் போனதும் ஒரு கை உப்பு எடுத்துப் போட்டுக் கலக்கிட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி வந்து உக்காந்துக்குவார். உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

புயல் கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தின நாள் மாலையிலிருந்து அடக்கி வைத்திருந்த பேச்சு, நேராகப் புருஷன் மேலேயே பாய்ந்தது.

"தினமுமா? இத்தனை வருஷமாவா? உப்புக் கம்மின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"ஒரு தடவை சொன்னேன்" என்றார் சொட்டு.

அவளுக்கு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிது. உப்புக் கொஞ்சம் கம்மியோ என்று பாவம் மெதுவாகத்தான் கேட்டார். ரத்தக் கொதிப்பைப் பற்றி அவள் ஒரு பிரசங்கமே செய்து, அடுத்த நாள் உப்பே போடாமல் வைத்துப் பழி தீர்த்தாள். அதை நினைத்ததும் அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள். சொட்டும் தைரியம் வந்து உதட்டோரம் கொஞ்சம் சிரித்தார்.

புயலின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏங்க," என்றாள் மெதுவாக. அவள் மெதுவாகப் பேசினால்தான் ஆபத்து. "வேற எதுல எல்லாம் போடுறீங்க?"

சொட்டு சூப்பையே பார்த்தார்.

"கேக்குறேன்ல?"

"உள் பஃபர்ல."

"எதை?"

"அமிலம். நீ வெளியறையிலேயே வெச்சுட்டு வருவே. குளிருக்குள்ள வந்தா மாறிடும். நான் வழக்கமா விடுற சொட்டு விட்டா சரியாயிடும். எத்தனை சொட்டுன்னு கைக்கே தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்து."

"இன்னைக்குக் காலையில?"

"விட்டேன்."

"நான் இன்னைக்குக் குளிர் அறையிலேயே உக்காந்து சரி பண்ணினேங்க! ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு!"

மூன்று பேரும் சூப்புக் கிண்ணத்தைப் பார்த்தார்கள். யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே புளிப்பு இரண்டு தடவை ஏறி, வெளிப் புளிப்புக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. லாக்டேட் ஏன் உள்ளே போகும்?

"நேத்து அதிர்ஷ்டம்னு சொன்னீங்களே?"

"அந்த ஆள் திடீர்னு கேட்டுட்டார். என்ன சொல்றது? அவளுக்குத் தெரியாம நான் அமிலம் விடுறேன்னு சொல்ல முடியுமா? வாயில வந்ததைச் சொன்னேன். சொன்ன உடனே தப்புன்னு தெரிஞ்சுது. நீ தட்டை வெச்ச சத்தத்துலேயே தெரிஞ்சுது."

ஒரே நேரத்தில் அவளுக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது, எழுந்துபோய் அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்ததால் மூன்றையும் அடக்கிக்கொண்டாள். ஆனால் நான்காவதாக ஒன்று வந்தது. அது பயம்.

"அப்ப முன்னாடி வந்ததெல்லாம் உங்க சொட்டுனால வந்ததா? என் கண்டுபிடிப்புன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

சொட்டு இதற்கு மட்டும் உடனே பதில் சொன்னார். "சொட்டு ரெண்டு எலிக்கும் ஒண்ணுதானே. வித்தியாசம் காட்டினது எலி."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த இன்னொரு குழு ஏன் தோற்றது என்பதும் அவளுக்கு அப்போது விளங்கியது. அவள் எழுதியபடி வெளியறையிலேயே பஃபர் வைத்தார்கள். அவர்களுக்குச் சொட்டு விட ஆள் இல்லை. உள்ளே புளிப்பு மிகவும் குறைந்துபோய், இரண்டு எலியின் பைகளிலும் லாக்டேட் அடித்துப்பிடித்துக்கொண்டு புகுந்து, முதல் நொடியிலேயே நிரம்பிவிட்டிருக்கும். பந்தயம் முடிந்த பிறகு வந்து பார்த்தால் யார் முந்தினது என்று எப்படித் தெரியும்?

ஆனால் இதெல்லாம் வாய்ப் பேச்சு. துறைத் தலைவி மேடம் நாலு மணிக்கு வரப்போவது வாய்ப் பேச்சைக் கேட்க இல்லை. உறைபெட்டியில் இன்னும் ஒரே ஒரு முறைக்குப் போதுமான பைகள்தான் மிச்சம். ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினார்கள். பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் தெருமுனைவரை வந்தது. "சாயங்காலம் யாராவது ஒருத்தர் மட்டும் சமையுங்க!"

நடைபாதையில் ஈஸ்ட்காரர் எதிர்ப்பட்டார். "காலையில சரியா வரலைன்னு கேள்விப்பட்டேன். பாவம்."

"உங்க ஈஸ்ட்டுக்கு வேற வீடு பாருங்க" என்று சொல்லிவிட்டு, புயல் புயலாகவே குளிர் அறைக்குள் நுழைந்தாள்.

புதுப் பஃபர் கலந்தாள். சொட்டு பழக்க தோஷத்தில் அமிலப் பாட்டில் பக்கம் கையை நீட்டினார்.

"கையை எடுத்துப் பாக்கெட்டுல போடுங்க. ரெண்டு கையும். நான் விடுறேன், நீங்க பாருங்க. மானி என்ன காட்டுதுன்னு சத்தமா சொல்லுங்க."

சொட்டு பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு குனிந்து மானியைப் பார்த்தார். அவள் ஒரு சொட்டு விட்டாள். முள் அசைய யோசித்தது. அவள் கால் தானாக ஆடியது. "இரு," என்றார். காத்திருந்தாள். "இப்ப சொல்லலாம்," என்று அளவைச் சொன்னார். இன்னொரு சொட்டு. மறுபடி காத்திருப்பு. அவள் மூக்கு ஒழுகியது, விரல் மரத்தது. இந்த மனிதர் இத்தனை வருஷமும் இந்தக் குளிரில் நின்றுதான், ஒரு வார்த்தை சொல்லாமல், அவளுக்காகச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாரா? அவளிடம் பொறுமை இல்லை என்று தெரிந்து தன்னுடையதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாரா?

"போதும்" என்று அவர் சொன்னபோது அவள் ஏற்கனவே நிறுத்தியிருந்தாள்.

நாலு மணிக்கு மேடம் வந்தார். யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் புதைந்து, கைகளை ஊதிக்கொண்டு, ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். திறந்த கதவுக்கு வெளியே ஈஸ்ட்காரர் ஏதோ வேலையாகப் போகிறவர் மாதிரி அங்குமிங்கும் நடந்தார்.

"ஆரம்பிங்க."

புயல் குழாயைக் கையில் எடுத்தாள். பக்கத்தில் சொட்டு நின்றார். இடுக்கியைத் தொடவே இல்லை.

"ஒண்ணு," என்றார். "ரெண்டு. மூணு."

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் கை தானாகவே வேலையைத் தொடங்கியது. எத்தனையோ வருஷமாக இந்தக் குரலுக்குத்தான் அந்தக் கை பழகியிருந்தது. அவர் எண்ண, அவள் கலக்க, அவர் ஊற்ற, வடிதாள் ஒவ்வொன்றாக நகர்ந்தது. முதலில் தூங்கி எலிகள், பிறகு ஓடி எலிகள். ஒரு குழாய்கூடத் தவறவில்லை.

எல்லோரும் எண்ணும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார்கள். திரையில் எண்கள் வந்தன. தூங்கி எலி, நிதானமாக. அடுத்தது ஓடி எலி. முதல் எண்ணைப் பார்த்ததும் புயல் சொட்டின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது எண் வந்தது, மூன்றாவது வந்தது. ஒவ்வொன்றும் தூங்கி எலியைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி, ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"வந்துடுச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் எலிக்கூண்டு அறைவரை எல்லாம் விழித்துக்கொண்டிருக்கும். ஈஸ்ட்காரர் அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேடம் எண்களை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா காலையில ஏன் வரலை? அந்தக் குழுவுக்கு ஏன் வரலை?"

புயல் நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. வெளியறைப் பஃபர், தெரியாமல் விழுந்த சொட்டுகள், இரட்டை உப்புச் சூப் உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். யாரும் அதுவரை சத்தமாகச் சிரித்துப் பார்த்திராத மேடம், கோட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப செய்முறையைத் திருத்தி எழுதி அவங்களுக்கும் அனுப்புங்க. பஃபர் குளிர்ல வெக்கணும், ஒரே ஒரு ஆள் வெக்கணும்" என்றார்.

"இன்னொரு திருத்தமும் இருக்கு, மேடம். கட்டுரையில இவர் பேர் இல்லை. நன்றி சொல்ற இடத்துல கடைசி வரியில இருக்கு. அதை மேல கொண்டுவந்து, என் பேருக்குப் பக்கத்துல போடணும்."

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் சொட்டு அவசரமாக. "நான் வெறுமனே நொடி எண்ணினவன். அப்பவே வேண்டாம்னு சொன்னேனே."

"சும்மா இருங்க. லாக்டேட் தனியா வந்தா வாசல் திறக்காதுன்னு பக்கம் பக்கமா எழுதினவ நான். எனக்கே அது புரியலைன்னு ஊர் சிரிக்கணுமா?" சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குளிர் அறையின் மேல் பழியைப் போட்டாள்.

மாலையில் மிச்சமிருந்த உப்புச் சூப்பைக் கொட்டிவிட்டு, புதிதாக வைத்தார்கள். அவள் கிழங்கை நறுக்கினாள், அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசினார்கள். அதாவது அவள் பேசினாள், அவர் நடுநடுவே சொட்டினார். நாத்தனார் வெற்றிச் செய்தியைக் கேட்டுக் கைதட்டிவிட்டு, தட்டோடு வந்து உட்கார்ந்தாள். மிகவும் ஜாக்கிரதையாக, கரண்டி நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள்.

"அண்ணி."

"என்ன?"

"உப்பே இல்லை."

புயல் சொட்டைப் பார்த்தாள். "நீங்க போடுவீங்கன்னு இருந்தேன்."

"நான் போடக்கூடாதுன்னு நினைச்சேன்" என்றார் சொட்டு.

"சரியாப் போச்சு! உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொன்னாங்க. இந்த வீட்டுல நினைக்கிறதுக்குக்கூட ஒருத்தரும் உப்புப் போடலை" என்று நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

புயல் உப்பு டப்பாவை எடுத்து, மேஜையின் நடுவில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால், புருஷன் பக்கம் நகர்த்தினாள்.

"போடுங்க. நான் பார்க்கணும்."

சொட்டு விரல் நுனியில் உப்பை எடுத்தார். அவளைப் பார்த்தார். பாதியை டப்பாவிலேயே போட்டுவிட்டு, மீதியைச் சூப்பில் தூவிக் கலக்கினார். இத்தனை வருஷம் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்த வேலையை அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு முழுதாகப் பார்த்தாள். பிறகு கரண்டியில் எடுத்து, ஊதி, ருசி பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.